தமிழ் எழுத்தோடு வேலை செய்யும் வடிவமைப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆப், கேம், போஸ்டர், ஊர்ப் பெயர்ப் பலகை, விசிட்டிங் கார்டு என்று எதில் தமிழ் வந்தாலும் இந்தக் கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலான சிக்கலுக்கு வேர் ஒன்றுதான். கணினிக்குள் தமிழ் துண்டு துண்டாகச் சேமிக்கப்படுகிறது. படிப்பவருக்கோ அது முழு எழுத்தாகத் தெரிந்தாக வேண்டும். துண்டு முழு எழுத்தாக மாறும் இடத்தில் எந்த மென்பொருள் தடுக்கி விழுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எழுத்துரு சரியாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் கொம்பு பின்னால் போய் நிற்கிறது?

யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் க, அடுத்து எகரக் கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. காதால் கேட்கும் வரிசை அது. கண்ணால் பார்க்கும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். ‘கொ’வில் ஒரு குறியே இரண்டாகப் பிரிந்து க-வின் இரண்டு பக்கமும் போய் உட்கார வேண்டும். ‘கு’, ‘மூ’, ‘டி’ போன்றவற்றில் எழுத்தின் வடிவமே மாற வேண்டும். இந்த மூன்று வேலையையும் செய்வது எழுத்துரு மட்டும் அல்ல, எழுத்துருவுக்குள் இருக்கும் விதிகளைப் படித்து அடுக்கும் ‘ஷேப்பிங்’ எந்திரம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவை ஹார்ஃபஸ் என்ற எந்திரத்தைப் பயன்படுத்துகின்றன. அதனால்தான் உலாவியில் ஒழுங்காகத் தெரியும் அதே வரி, எந்திரம் இல்லாத வேறொரு மென்பொருளில் உடைகிறது.

ஆகவே எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். மூன்று வேறு எழுத்துருவிலும் கொம்பு பின்னால் நின்றால் கோளாறு மென்பொருளில். ஒரே ஒரு எழுத்துருவில் மட்டும் நின்றால் கோளாறு அந்தக் கோப்பில்.

போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் மூன்றிலும் என்ன அமைக்க வேண்டும்?

மூன்றிலும் எந்திரம் உள்ளேயே இருக்கிறது. அது பெரும்பாலும் அணைந்து கிடக்கிறது, அவ்வளவுதான். பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும்.

இல்லஸ்ட்ரேட்டரில் முன்னமைவுகளில் ‘டைப்’ பகுதிக்குப் போய் ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். பிறகு உரையைத் தேர்ந்தெடுத்து, பத்திப் பலகத்தின் மூலை மெனுவில் ‘சவுத் ஏசியன்’ என்ற பெயர் வரும் கம்போசரை (எழுத்தை வரிகளாக அடுக்கும் பகுதி) தேர்ந்தெடுங்கள். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் ‘டைப்’ முன்னமைவில் ‘வேர்ல்டு ரெடி’ அல்லது ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ என்று இருக்கும். அதை மாற்றிய பின் மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். இன்டிசைனில் ‘வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போசர்’.

இன்டிசைனில் பலர் தவறவிடும் ஓர் இடம்: கம்போசரை ஒவ்வொரு பத்தியாகத் தேர்ந்தெடுத்து மாற்றாதீர்கள். பத்தி ஸ்டைலுக்குள் ‘ஜஸ்டிஃபிகேஷன்’ பகுதியில் கம்போசர் என்ற தேர்வு இருக்கிறது. அங்கே வைத்துவிட்டால் 200 பக்கப் புத்தகத்திலும் புதிதாக ஒட்டும் உரை உடையாது. ஸ்டைலில் வைக்காமல் விட்டால், அச்சுக்கு முந்தின நாள் சேர்க்கும் அந்த ஒரு திருத்தப் பத்திதான் உடைந்து அச்சாகும்.

பிரீமியரில் துணைத்தலைப்பு போடுவோர் முன்னமைவுகளில் ‘கிராபிக்ஸ்’ பகுதியில் டெக்ஸ்ட் எந்திரத்தைத் தெற்காசிய வகைக்கு மாற்ற வேண்டும்.

எல்லாம் சரியாக வருகிறதா என்று ஒரே பார்வையில் சோதிக்க வழி உண்டா?

இந்த வரியை ஒட்டிப் பாருங்கள்:

கெ கே கை கொ கோ கௌ · டி டீ டு டூ · து நு லு ழூ ணூ · ணை லை ளை னை · றா ஞா · ஃப் · ஸ்ரீ க்ஷ · ஔ

புள்ளிவட்டம் எங்காவது தெரிந்தால், குறி தன் மெய்யோடு சேரவில்லை. ‘ஸ்ரீ’ ஒரே வடிவமாக இல்லாமல் ஸ், ரீ என்று பிரிந்து நின்றால் எழுத்துருவுக்குள் இருக்கும் விதிகள் வேலை செய்யவில்லை. ‘டி’யில் மேல்விசிறி ட-வோடு ஒட்டாமல் அந்தரத்தில் நின்றாலும் காரணம் அதுவே. ‘கௌ’வின் கடைசிப் பகுதியையும் ‘ள’வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் குறியீட்டில் அவை வேறு வேறு. தட்டச்சில் ‘கெ’ அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டவர்களின் உரையில் ‘கௌதமன்’ என்று தேடினால் எதுவும் கிடைக்காது.

வாடிக்கையாளர் அனுப்பிய கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது. என்ன செய்வது?

அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த உரை. அந்த முறையில் கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை. ‘தமிழ்’ என்ற சொல் பாமினியில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்றுதான் சேமிக்கப்பட்டிருக்கும். அந்த ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். எழுத்துருவை எடுத்துவிட்டால் உடுப்பு கழன்றதுபோல் ஆங்கிலம் வெளியே வந்துவிடும்.

மாற்றும் முறை:

முதலில் எந்தக் குறியாக்கம் என்று கண்டுபிடியுங்கள். பாமினி, டிஸ்கி, டாம், டாப் என்று பல உண்டு. கோப்பில் இருக்கும் எழுத்துருவின் பெயரைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். பிறகு சென்னை நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் மூலக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் உரையிலுள்ள உண்மையான ஆங்கிலச் சொற்களைத் தனியே பிரித்து வையுங்கள். இல்லாவிட்டால் மின்னஞ்சல் முகவரியும் இணைய முகவரியும் பொருளற்ற தமிழாக மாறிவிடும்.

மாற்றிய பின் கண்ணால் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. மேற்கோள் குறிகளும் அரைப்புள்ளிகளும் இடம் மாறியிருக்கும். ‘ர’வும் துணைக்காலும் குழம்பியிருக்கும், ஏனென்றால் அவசரத்தில் அடிப்பவர்கள் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டிருப்பார்கள், பழைய எழுத்துருவில் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. ஔகாரக் குறியும் ளகரமும் குழம்பியிருக்கும். இந்த மூன்றையும் எந்த மாற்றியும் தானாகத் திருத்தாது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் முழுதாக ஒரு முறை வாசித்துத்தான் ஆக வேண்டும்.

2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், அது பயன்படாத இடங்களுக்கு டேஸ்16 குறியாக்கத்தையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஆனாலும் டிடிபி கடைகளிலும் ஃப்ளெக்ஸ் கடைகளிலும் பழைய எழுத்துரு போகவில்லை. காரணம் சோம்பல் என்று சொல்வது நியாயம் இல்லை. பல ஆண்டுகளாகக் கைவிரலில் பதிந்த விசைப்பலகை, அலமாரி நிறைய அலங்கார எழுத்துருக்கள், ஒருநாளும் உடையாத பழைய கோரல்டிரா: மூன்றும் சேர்ந்து அவர்களைப் பிடித்து வைத்திருக்கின்றன. கோரல்டிராவின் புதிய பதிப்புகளில் யூனிகோடு தமிழ் சரியாகவே வருகிறது.

எந்த எழுத்துருவை எடுப்பது? இலவசமாகவும் உரிமச் சிக்கல் இல்லாமலும் வேண்டும்.

திறந்த உரிமத்தில் இப்போது நல்ல தேர்வுகள் இருக்கின்றன. ஆப், இணையதளம் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, அனெக் தமிழ். அனெக்கில் தடிமன், அகலம் இரண்டையும் விருப்பப்படி மாற்றலாம். நீளமான தமிழ்ச் சொல் பொத்தானுக்குள் அடங்காதபோது எழுத்தைக் குறுக்கி நசுக்காமல் அகலம் குறைந்த வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. புத்தகத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ், டிரோ தமிழ். குழந்தைகள் விளையாட்டு, தலைப்பு என்றால் பலூ தம்பி, காயினி.

கணினியோடு வருபவற்றில், விண்டோஸில் நிர்மலாவும், அதன் பழைய பதிப்புகளில் லதாவும், மேக்கில் தமிழ் சங்கம் எம்என்னும் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதியும் இருக்கும். அவற்றைத் திரையில் காட்டலாம். ஆனால் கோப்பைத் தூக்கி உங்கள் ஆப்புக்குள்ளோ கேமுக்குள்ளோ வைத்து விநியோகிக்கத் தனி உரிமம் வேண்டும்.

ஆங்கிலத்தில் அழகாக இருந்த பக்கம் தமிழில் நெரிசலாகத் தெரிவது ஏன்?

ஆங்கிலச் சிறிய எழுத்துக்கு ஒதுக்கிய வரி உயரத்தில் தமிழை அடைத்தால் மூச்சுமுட்டும். மேலே புள்ளியும் விசிறியும், கீழே ‘ழு’, ‘மூ’, ‘ஞூ’வின் சுழிகளும் இருக்கின்றன. இரண்டு வரிகளில் மேல்வரியின் சுழியும் கீழ்வரியின் புள்ளியும் மோதினால் புள்ளி தொலைந்துவிடும். புள்ளி தொலைந்தால் சொல்லே மாறிவிடும்.

உரைப் பத்திக்கு வரி உயரம் எழுத்தளவில் 1.6 மடங்கில் தொடங்குங்கள், தலைப்புக்கு 1.3. ஆங்கிலத்துக்கு வைக்கும் 1.2 தமிழ்த் தலைப்பு இரண்டு வரியாக மடங்கும்போது மோதும். உயரம் நிலையாக வைத்த பொத்தானில் ‘ழு’வின் அடி வெட்டுப்படுகிறதா என்று ‘முழு’ என்ற ஒரு சொல்லைப் போட்டுப் பாருங்கள். நெருக்கமான இடங்களுக்கென்றே நோட்டோவில் ‘யூஐ’ என்ற பெயரோடு மேல்கீழ் இடம் குறைத்த ஒரு வகை இருக்கிறது.

எழுத்திடைவெளியைத் தொடாமல் விடுவதே மேல். ஆங்கிலத் தலைப்பை விரித்துக் காட்டுவதுபோல் தமிழை விரித்தால் ‘கொ’வின் கொம்பும் காலும் க-வைவிட்டு விலகி, யாருடையவை என்று தெரியாமல் நிற்கும். பெரிய எழுத்து என்ற ஒன்று தமிழில் இல்லாததால் முக்கியத்துவத்தை அளவாலும் தடிமனாலும் நிறத்தாலும் மட்டுமே காட்ட முடியும். சாய்வெழுத்து நம் மரபில் இல்லை. மென்பொருள் தானாகச் சாய்த்துக் காட்டும் தமிழ், காற்றில் சரிந்த வேலிபோல இருக்கும். அதேபோல் தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவில் ‘போல்டு’ அழுத்தினால் மென்பொருள் ஓரத்தை ஊதிப் பெருக்கும். ‘ண’, ‘ணை’, ‘ஜ’வின் உள்வட்டங்கள் அடைபட்டு மைத்துளியாகிவிடும்.

நீளமான சொற்களை எங்கே மடக்குவது?

‘ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது’ போன்ற சொல்லைக் கைப்பேசித் திரையில் மடக்கித்தான் ஆக வேண்டும். விதி எளியது: வரி மெய்யெழுத்தில் தொடங்கக் கூடாது, ஆய்தத்தையும் அடுத்த எழுத்தையும் பிரிக்கக் கூடாது. ‘ஒப்புக்கொள்ளப் / பட்டுள்ளது’ சரி. ‘ஒப்புக்கொள்ள / ப்பட்டுள்ளது’ தவறு. உலாவியில் ‘எங்கு வேண்டுமானாலும் உடை’ என்ற அமைப்பைப் போட்டால் இந்த இரண்டாவது வகைதான் நடக்கும். எழுத்தை உடைக்கக் கூடாது என்பது மட்டும் அதற்குத் தெரியும். மெய்யில் வரி தொடங்கக் கூடாது என்பது தெரியாது. முக்கியமான பொத்தான்களிலும் தலைப்புகளிலும் மென்கோடு எனப்படும் கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக்குறியை நீங்களே வைத்துவிடுங்கள். இருபக்கமும் சமமாக இழுத்த பத்தி குறுகிய திரையில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு செய்தால் போதும்.

யூனிட்டியில் தமிழ் ஏன் உடைகிறது? கேமில் தமிழ் போட என்னதான் வழி?

கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் பெரும்பாலோர் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் புரோவில் ஷேப்பிங் எந்திரம் இல்லை. ஒரு குறியீட்டுக்கு ஒரு படம் என்று வரிசையாக அடுக்கும். ஆங்கிலத்துக்கு அது போதும், தமிழுக்குப் போதாது. வழிகள் இவை.

புதிதாகத் தொடங்கும் வேலை என்றால் யூனிட்டி 6-இல் ‘யூஐ டூல்கிட்’டோடு வரும் ‘அட்வான்ஸ்டு டெக்ஸ்ட் ஜெனரேட்டர்’ என்பதை இயக்கிப் பாருங்கள். அதற்குள் ஹார்ஃபஸ் இருக்கிறது.

ஏற்கெனவே டெக்ஸ்ட்மெஷ் புரோவில் கட்டிமுடித்த கேம் என்றால், முழு எழுத்துக்கு ஒரு குறியீடு என்ற வழிக்குப் போங்கள். டேஸ்16 குறியாக்கத்தில் ‘கொ’ என்பது ஒரே குறியீடு, ‘ணூ’வும் ஒரே குறியீடு. யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அவை உட்கார்ந்திருக்கின்றன. உரையை எல்லாம் யூனிகோடிலேயே எழுதிச் சேமியுங்கள். திரையில் காட்டும் கணத்தில் மட்டும் ஒரு சிறு நிரல் அதை டேஸ்16 ஆக மாற்றிக் கொடுக்கட்டும். சேமிப்பையே மாற்றிவிட்டால் நாளைக்கு எந்திரம் மாறும்போது மாட்டிக்கொள்வீர்கள். 247 எழுத்து, கிரந்தத்துக்கு 66, எண்களும் நிறுத்தக்குறிகளும் சேர்த்து ஏறக்குறைய 350 வடிவம் வரும். 64 அளவில், இடைவெளி 6 வைத்தால் 2048 × 2048 அட்லஸில் (எல்லா வடிவங்களையும் அடுக்கி வைக்கும் ஒரே படம்) அடங்கும். 1024-இல் அடங்காது. அடங்கவில்லை என்றால் சில எழுத்துகள் சத்தமில்லாமல் விடுபட்டு, அந்த இடத்தில் கட்டம் தெரியும்.

இன்னொரு கேம் மென்பொருளான கோடோவில் 4-ஆம் பதிப்பு முதல் ஹார்ஃபஸ் உள்ளேயே இருப்பதால் தமிழ் எழுத்துருவை இணைத்தால் போதும். கோடோ 3-இல் அது இல்லை. அன்ரியலில் ‘டெக்ஸ்ட் ஷேப்பிங் மெத்தட்’ என்று ஓர் அமைப்பு உண்டு. அதை யாராவது வேகத்துக்காக ‘கெர்னிங் ஒன்லி’ என்று மாற்றிவைத்திருந்தால் தமிழ் உடையும். ‘ஆட்டோ’ அல்லது ‘ஃபுல் ஷேப்பிங்’ இருக்கட்டும்.

வசனம் எழுத்தெழுத்தாகத் தோன்றும்போது குறிகள் குதிக்கின்றன. பெயர் அடிக்கும் கட்டத்திலும் எழுத்து வெட்டுப்படுகிறது.

இரண்டும் ஒரே பிழை. நிரல் குறியீட்டை எண்ணுகிறது, நீங்கள் எழுத்தை எண்ணுகிறீர்கள். ‘தமிழ்’ நமக்கு 3 எழுத்து, நிரலுக்கு 5 குறியீடு. ‘விளையாட்டு’ நமக்கு 5, நிரலுக்கு 10. பெயருக்கு 12 என்று வரம்பு வைத்த கேமில் ‘முத்துலட்சுமி’ என்று அடித்துப் பாருங்கள். ஏழே எழுத்துதான், ஆனால் குறியீடு 13. கடைசி விசிறி வெட்டுப்பட்டு ‘முத்துலட்சும’ என்று நிற்கும். தன் பெயர் இப்படி நிற்பதைப் பார்க்கும் குழந்தைக்கு அந்த கேம் தனக்காகச் செய்யப்படவில்லை என்பது அந்த நொடியில் புரிந்துவிடும்.

தீர்வு: உரையை ‘கிராஃபீம் கிளஸ்டர்’ (கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் குறியீட்டுத் தொகுதி) வாரியாக வெட்டுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ‘இன்டல் செக்மென்ட்டர்’, சி ஷார்ப்பில் ‘ஸ்ட்ரிங்இன்ஃபோ’, ஜாவாவில் ‘பிரேக்இட்டரேட்டர்’ இருக்கின்றன. ஸ்விஃப்ட்டில் ‘கேரக்டர்’ என்பதே இந்த அலகுதான். ஒரு விதிவிலக்கு: க்ஷ, ஸ்ரீ இரண்டையும் இவை இரண்டிரண்டாகத்தான் வெட்டும். அந்த இரண்டை மட்டும் நீங்களே ஒட்டிவிட வேண்டும். ‘கொ’வை ஒரே குறியாகவும் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்க முடியும் என்பதால், ஒப்பிடுவதற்கும் தேடுவதற்கும் முன் உரையை என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டில் இதைச் செய்யாவிட்டால் சரியான விடையையே தவறு என்று காட்டும்.

குறுஞ்செய்தியிலும் இதே கணக்குத்தான். ஆங்கிலத்துக்கு 160 என்றால் தமிழுக்கு 70 குறியீடு. செய்தி இரண்டாகப் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் 67.

சொல் விளையாட்டுக்குத் தமிழில் அட்டைகள் செய்ய 247 வகை வேண்டுமா?

வேண்டாம். இரண்டு பிரிப்பு முறைகள் நடைமுறைக்கு ஒத்துவரும். உயிரும் மெய்யுமாகப் பிரித்தால் 12 + 18 + ஆய்தம், மொத்தம் 31 வகை. ‘தமிழ்’ எழுத த், அ, ம், இ, ழ் என்று 5 அட்டை. இலக்கணம் தெரிந்த பெரியவர்களுக்கு இது சுவையாக இருக்கும். குழந்தைகளுக்கு ‘த் + அ’ என்று அடுக்கிய வரிசையைச் சொல்லாக வாசிப்பது கடினம். அவர்களுக்கு உயிர்மெய்யை முழுதாக அச்சிட்ட அட்டைகளே நல்லது. க, ச, த, ப, ம, ன, ல, ர வரிசைகளையும் புள்ளி வைத்த மெய்களையும் அதிகமாக வையுங்கள். ஙகரத்தில் ‘ங்’ மட்டும் போதும், மற்றவை பெட்டியிலேயே தூங்கும். மூன்றாவதாக மெய் அட்டை, குறி அட்டை என்று பிரிக்கும் யோசனை எல்லோருக்கும் முதலில் வரும். ‘கு’, ‘டு’, ‘து’ மூன்றிலும் உகரம் மூன்று வடிவம் எடுப்பதால் அந்த அட்டை எதிலும் பொருந்தாது.

கேம் வரிகளை மொழிபெயர்த்து வாங்கினோம். சொற்கள் சரி, ஆனால் வாக்கியம் செயற்கையாக இருக்கிறது.

மாறிகளை, அதாவது நிரல் பெயரையோ எண்ணையோ செருகும் இடங்களை, வைத்த இடம் தவறு. ஆங்கிலத்தில் பொருளின் பெயரை எந்த வாக்கியத்திலும் செருகலாம். தமிழில் வேற்றுமை உருபு சேரும்போது பெயரே மாறும்: வாள், வாளை, மரம், மரத்தை, வீடு, வீட்டை. நிரல் ‘ஐ’யை மட்டும் ஒட்டினால் ‘மரம்ஐ வெட்டினாய்’ என்று வரும். இதை நிரலால் திருத்தப் போகாதீர்கள், வாக்கியத்தைத் திருப்புங்கள். ‘நீங்கள் [பொருள்]ஐப் பெற்றீர்கள்’ என்பதை ‘[பொருள்] கிடைத்தது’ ஆக்குங்கள். ‘[பொருள்]ஐ வாங்க 50 நாணயம் தேவை’ என்பது ‘[பொருள்]: விலை 50 நாணயம்’ ஆகட்டும். மாறி எழுவாயாக நின்றால் எந்தப் பெயரும் பொருந்தும்.

ஆட்களின் பெயருக்குப் பின் ‘வந்தான், வந்தாள்’ என்று வைக்காமல் ‘வந்தார்’ என்று வையுங்கள். ஆட்டக்காரரை அழைப்பது ‘நீ’யா ‘நீங்க’ளா என்று முதல் நாளே முடிவுசெய்து, மொழிபெயர்ப்பாளர் கையில் எழுதிக் கொடுங்கள். பாதியில் மாறினால் ஒரே பாத்திரம் ஒரு திரையில் மரியாதையாகவும் அடுத்த திரையில் ஒருமையிலும் பேசும். எண்ணோடு வரும் பெயருக்கு ‘5 நாணயம்’ என்று ஒருமையே இயல்பாக இருக்கும், பேச்சில் அப்படித்தான் சொல்கிறோம். பொத்தானில் ‘உள்நுழைவு செய்யவும்’ என்று நீட்டாமல் ‘உள்நுழைக’ என்றால் போதும். ‘சேமி’, ‘நீக்கு’, ‘தொடர்’ என்று ஏவலிலேயே நிறுத்தினாலும் தவறில்லை, ஆனால் ஆப் முழுக்க ஒரே வகையாக இருக்க வேண்டும். பெரிய எண்ணில் காற்புள்ளியை 1,00,000 என்று வையுங்கள்.

ஊர்ப் பெயர்ப் பலகை, வழிகாட்டிப் பலகைகளில் தமிழின் அளவை எப்படிக் கணக்கிடுவது?

பலகைத் தொழிலில் 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்துயரம் என்று ஒரு கணக்கு உண்டு. அது ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துச் சொன்னது. தமிழுக்கு அதை ‘ப’, ‘ம’ போன்றவற்றின் உடல் உயரத்துக்குப் பொருத்துங்கள், விசிறியிலிருந்து சுழி வரையிலான மொத்த உயரத்துக்கு அல்ல. 100 அடியிலிருந்து படிக்க வேண்டும் என்றால் ‘ப’வின் உயரம் 10 அங்குலம் இருக்கட்டும், மேலும் கீழும் சேர்த்து வரிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் ஒதுக்குங்கள்.

தமிழ்நாட்டு ரயில் நிலையப் பலகையில் மஞ்சள் தரையில் கறுப்பில் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் வருகின்றன. இலங்கைச் சாலைப் பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம். சிங்கப்பூரில் ஆட்சிமொழிகளே நான்கு. இப்படிப் பல மொழி சேரும் பலகையில் எல்லாவற்றுக்கும் ஒரே பாயின்ட் அளவு கொடுத்தால் தமிழ் சிறுத்தோ பெருத்தோ தெரியும், ஏனென்றால் ஒவ்வோர் எழுத்துருவும் தன் பெட்டிக்குள் எழுத்தை வெவ்வேறு அளவில் வரைந்திருக்கிறது. அளவு எண்ணை மறந்துவிட்டு, உடல் உயரங்களைக் கோடு போட்டு ஒப்பிட்டுச் சமன் செய்யுங்கள்.

தமிழ் தெரியாத ஊரில் பலகை செய்யக் கொடுக்கும்போது, உரையை எழுத்தாக அனுப்பாதீர்கள். அவர்கள் அதை ஒட்டும் மென்பொருளில் எந்திரம் இல்லாவிட்டால் கொம்புகள் இடம் மாறும். மாறியதைக் கண்டுபிடிக்க அங்கே ஆளும் இருக்காது. எழுத்தை வடிவமாக மாற்றிய கோப்பையும், பக்கத்திலேயே ‘இப்படித்தான் வர வேண்டும்’ என்ற படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

அந்தக் காலப் போஸ்டர்போலச் செய்யப் பழைய ணை, லை வடிவம் வேண்டும். எந்த விசையில் இருக்கிறது?

எந்த விசையிலும் இல்லை. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. யூனிகோடில் பழையதும் புதியதும் ஒரே குறியீடுதான், எந்த வடிவத்தைக் காட்டுவது என்பது எழுத்துருவின் முடிவு. பழைய வடிவத்தோடு வரைந்த எழுத்துருவைத் தேடுங்கள், அல்லது அந்த எழுத்துகளை மட்டும் கையால் வரைந்துகொள்ளுங்கள். 1978-க்கு முந்திய காட்சி என்றால் 13-ஐயும் மாற்றுங்கள். ‘லை’யை மட்டும் பழைய வடிவில் வைத்துவிட்டு ‘றா’வைப் புதிதாக விட்டால், அந்தக் காலத்தில் படித்தவர்களின் கண்ணுக்கு உடனே உறுத்தும்.

படம் வரையும் செயற்கை நுண்ணறிவிடம் தமிழ்ப் போஸ்டர் கேட்கலாமா?

பின்னணியைக் கேளுங்கள், எழுத்தைக் கேட்காதீர்கள். அது எழுத்துபோலத் தெரியும் கோலத்தை வரைந்துவிட வாய்ப்பு அதிகம். எழுத்துக்கு இடம் விட்டுப் படத்தை வாங்கி, மேலே நீங்கள் அடுக்குங்கள்.

அச்சுக்கு அனுப்பும்போது தமிழுக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

புள்ளியைக் காப்பாற்றுவதுதான். சின்ன எழுத்தில் மை பரவினால் முதலில் அடைபடுவது புள்ளியும் ‘ீ’யின் சுழியும். விசிட்டிங் கார்டில், 3.5 × 2 அங்குலத்துக்குள் முகவரி எல்லாம் அடக்க வேண்டும் என்று 6 பாயின்ட் அளவுக்கு இறங்காதீர்கள். 7.5-க்குக் கீழே போகாமல், வேண்டுமானால் ஒரு வரியைக் குறைக்கச் சொல்லுங்கள். கறுப்பு எழுத்தைக் கறுப்பு மை 100% மட்டுமாக வையுங்கள். நான்கு நிறமும் கலந்த கறுப்பில் வைத்தால், தட்டு அரை முடி நகர்ந்தாலும் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நிற ஓரம் தெரியும். அடர்ந்த தரையில் வெள்ளை எழுத்து என்றால் ஒரு படி தடித்த எழுத்தும் 9 பாயின்ட் அளவும் வேண்டும், ஏனென்றால் அங்கே மை உள்நோக்கிப் பரவும். ஓரத்தில் 3 மி.மீ. வெட்டுக்கு விடுங்கள்.

ஃப்ளெக்ஸ் பேனர் 10 × 8 அடி என்றால் உண்மை அளவில் 72 டிபிஐ போதும். ஓரத்தில் வளையம் அடிக்கும் இடத்துக்கு 2 அங்குலம் விட்டு எழுத்தை உள்ளே வையுங்கள்.

கடையில் ‘கர்வ் பண்ணிக் கொடுங்க’ என்பார்கள். எழுத்தை வடிவமாக மாற்றுவதைத்தான் சொல்கிறார்கள், செய்து கொடுங்கள். ஆனால் மாற்றுவதற்கு முந்திய கோப்பைத் தனிப் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். கர்வ் ஆன பிறகு ‘அண்ணா, ஒரு புள்ளி விட்டுப்போச்சு’ என்று போன் வந்தால் திருத்த எழுத்தே இருக்காது, பக்கத்து எழுத்திலிருந்து புள்ளியை வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும்.

ப்ரூஃப் பார்த்தும் பிழை தப்பிவிடுகிறதே?

திரையில் பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்த்தால் தப்பத்தான் செய்யும். ஏ4 தாளில் அச்சிட்டு, அந்த வேலையில் கை வைக்காத ஒருவரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ‘பள்ளி’, ‘பல்லி’; ‘மனம்’, ‘மணம்’; ‘அரம்’, ‘அறம்’ போன்றவை கண்ணில் தப்பும், வாயில் தட்டும். பெயர், ஊர், தேதி, போன் எண் நான்கையும் வாடிக்கையாளர் முதலில் அனுப்பிய வாட்ஸாப் செய்தியோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். அவர் கையெழுத்திட்ட தாளைப் படம் எடுத்து, அதே வேலையின் ஃபோல்டரில் போட்டு வையுங்கள். கல்யாணப் பத்திரிகை என்றால் உறவுமுறைப் பெயர்களை வீட்டுப் பெரியவர் ஒருவரும் ஒரு முறை பார்த்தாக வேண்டும். மற்ற எந்தப் பிழையையும் மறுபதிப்பில் திருத்திவிடலாம், சித்தப்பா பெயர் விட்டுப்போனதை முடியாது.